எண்ணாமல் நேரும் கொலை

பகவன் புத்தர் அருளிய ஐந்து சீலங்களுள் முதலாவது உயிர்க்கொலை தவிர்த்தல். ஞாயிறுதோறும் நம் சங்கத்தில் கூடி, மெழுகுவத்தி ஏற்றி, அச்சீலத்தை முதலில் பாலியிலும் பின்னர்த் தமிழிலும் உரைத்துவிட்டு வீடு திரும்புகிறோம். திரும்பும்போது ஒரே ஸ்கூட்டரில் மூவர் ஏறிக்கொள்கிறோம். தலைக்கவசம் கைப்பிடியில் தொங்குகிறது. வளைவில் எதிர்த்திசையில் சென்றால் பத்து நிமிடம் மீதமாகும் என்று எதிர்த்திசையிலேயே செல்கிறோம். இதனைப் பிறரைக் குறித்துச் சொல்லவில்லை. தம்மம் உரைக்க விரைந்த நாமே பலமுறை அவ்வாறு சென்றிருக்கிறோம். சீலத்திற்கும் சாலைக்கும் தொடர்பு உண்டு என்னும் எண்ணமே நமக்கு அன்று தோன்றவில்லை.

நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் மாண்டவர் 1,68,491 பேர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 460 பேர். மணிக்கு 19 பேர். நாம் ஒரு மணி நேரம் தம்ம உரை கேட்டு எழுவதற்குள் பத்தொன்பது வீடுகளில் ஒப்பாரி எழுந்துவிடுகிறது. போர்க்களத்தில் இத்தனை பேர் வீழ்ந்தால் நாடே துடித்தெழும். சாலையில் வீழ்ந்தால் செய்தித்தாளின் ஓர் ஓரத்தில் நான்கு வரி. 2015-இல் பிரேசில் நாட்டுத் தலைநகரில் கூடிய மாநாட்டில், 2020-க்குள் இச்சாவுகளைப் பாதியாக்குவதென்று நம் நாடும் ஒப்பமிட்டது. 2015-இல் இறந்தவர் 1,46,133. பாதியாவது எங்கே? தொகை ஏறியே இருக்கிறது.

ஆயினும் புள்ளிவிவரம் நம்மை எழுத வைக்கவில்லை. நம் சங்கத்து உபாசிகை ஒருவரின் கேள்வியே எழுத வைத்தது.

அவருடைய மகனுக்கு வயது இருபது. இரவுப் பணி முடிந்து, பெங்களூரிலிருந்து கிழக்கே செல்லும் நெடுஞ்சாலையில் இருசக்கர வண்டியில் வந்துகொண்டிருந்தான். இரு திசைகளையும் பிரிக்கும் நடுத்திட்டில் ஓரிடத்தில் ஒரு திறப்பு உண்டு. ஊர் மக்கள் சுற்றிவர மனமின்றி உடைத்த திறப்பு என்பர் சிலர். சாலை போட்டவர்களே விட்டுச் சென்றது என்பர் வேறு சிலர். அங்கே விளக்கு இல்லை. அத்திறப்பின் வழியாக அவன் திரும்பும்போது சரக்கு லாரி ஒன்று மோதிற்று. லாரிக்காரர் நிற்காமல் சென்று, ஐந்து கல் தொலைவிலுள்ள காவல் நிலையத்தில் தாமே சரணடைந்தார். முந்திய நாள் மாலை முதல் அவர் உறங்கவில்லை என்று பின்னர்த் தெரிந்தது.

ஏழாம் நாள் நினைவுக் கூட்டத்தில் தம்மம் உரைக்க நம்மை அழைத்திருந்தனர். அநித்தியம் பற்றிப் பேசினோம். பேச்சினிடையே, வழக்கமாகச் சொல்வதைப் போல, "அவரவர் பழவினை அவரவரைத் தொடர்கிறது" என்றும் சொல்லிவைத்தோம். அந்தத் தாய் தலை நிமிர்ந்து, "அப்படியானால் என் பிள்ளை போன பிறவியில் யாரைக் கொன்றான், ஐயா?" என்று கேட்டார். நாம் வாய் அடைத்து நின்றோம். சற்றுப் பொறுத்து அவரே, "அந்த லாரிக்காரர் என் பிள்ளையைக் கொல்ல நினைக்கவில்லையே. அவருக்குப் பாவம் உண்டா, இல்லையா?" என்றார். அதற்கும் நம்மிடம் விடை இல்லை. தேநீர் வந்தது, கூட்டம் கலைந்தது.

பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்காத நமக்கு நூல்களே ஆசிரியர்கள். விடை தெரியாத நாணத்தோடு மறுபடியும் அவற்றைப் புரட்டினோம். முதற்கண் கண்டுகொண்டது, நாம் அன்று உரைத்தது புத்த தம்மமே அன்று என்பது. மோலிய சீவகர் என்னும் பரிவிராசகர் பகவனிடம் வந்து, மனிதன் நுகரும் இன்ப துன்பம் அனைத்தும் முன்வினையால் வருவன என்று சிலர் கூறுகின்றனரே, தாங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். பகவன் அதனை ஏற்கவில்லை. பித்தம், சிலேத்துமம், வாதம், இம்மூன்றின் கூட்டு, பருவ மாறுதல், தன்னைச் சரிவரப் பேணாமை, பிறர் தாக்குதல், வினைப்பயன் என்று எட்டுக் காரணங்களை எண்ணிக் காட்டினார். எட்டில் வினைப்பயன் ஒன்றே ஒன்று, அதுவும் கடைசியில். மற்ற ஏழையும் ஆராயாமல் எட்டாவதை எடுத்து அந்தத் தாயின் மடியில் போட்டோம்.

பாபாசாகேப் அம்பேத்கர் தம் 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலில் இதனையே வேறு வகையில் எடுத்துக்காட்டினார். ஏழையின் இன்றைய துயருக்கு அவனது போன பிறவியே காரணம் என்னும் கொள்கை, அரசும் சமூகமும் தம் பொறுப்பிலிருந்து நழுவிக்கொள்ளவே உதவும் என்பது அவர் கண்டனம். சாலை விபத்தில் அது கண்கூடு. பழவினைதான் கொன்றது என்றால் நடுத்திட்டின் திறப்பை அடைக்க வேண்டியதில்லை, விளக்கு வேண்டியதில்லை, லாரிக்காரர் உறங்க வேண்டியதுமில்லை. ஆயுத பூசையன்று சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு, தேய்ந்துபோன டயரை மாற்றாமலே ஓட்டலாம். நம் ஊரில் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். எலுமிச்சை விற்பவருக்கு ஒரு நாள் வருமானம் கிடைக்கிறது. அதில் நமக்கு வருத்தமில்லை.

இனி இரண்டாம் கேள்வி. அது எளிதன்று.

வினை என்பது சேதனையே, அதாவது மனத்தின் எண்ணமே என்பது தம்மத்தின் அடிப்படை. நாலந்தாவில் உபாலி என்னும் இல்லறத்தார், நிகண்டநாதபுத்தரின் சார்பில் வாதிட வந்து, உடலால் செய்வதே பெருங்குற்றம் என்றபோது, மனத்தால் செய்வதே பெரிது என்று பகவன் நிலைநாட்டினார். சக்குபாலர் என்னும் தேரர் கண்பார்வை இழந்தவர். மழை பெய்த மண்ணில் அவர் உலாவியபோது, தம்பலப்பூச்சிகள் பல அவர் காலடியில் நசுங்கி மாண்டன. மற்றப் பிக்குகள் பகவனிடம் முறையிட்டனர். அவர் பூச்சிகளைக் காணவில்லை, கொல்லும் எண்ணமும் அவருக்கில்லை, ஆதலால் கொலைக் குற்றமில்லை என்பது பகவனின் தீர்ப்பு. தம்மபத உரையின் முதற்கதையே இதுதான். பிற்கால ஆசிரியர்களும், உயிர் இருத்தல், அது உயிரென்று அறிதல், கொல்லும் எண்ணம், அதற்கான முயற்சி, அதனால் உயிர் பிரிதல் என்னும் ஐந்தும் கூடினால்தான் முதற்சீலம் முறியும் என்றனர்.

அப்படியாயின் லாரிக்காரர் கொலைகாரர் அல்லர். இதனை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இதனைச் சொன்ன மாத்திரத்தில் நம் சங்கத்து இளைஞர்கள் சினந்தனர். "எண்ணமில்லை என்று சொல்லித் தப்பினால், நாளைக்கு எவனும் எதையும் ஏற்றிக் கொல்வானே" என்றனர். அவர்கள் சினத்திலும் நியாயமுண்டு. ஆனால் பகவன் அவ்விடத்தோடு நிறுத்தவில்லை.

விநய பிடகத்தில் ஒரு வழக்கு வருகிறது. பிட்சைக்குச் சென்ற பிக்கு ஒருவர், ஒரு வீட்டில் துணி மூடிய பீடத்தின்மேல் அமர்ந்தார். துணியின் அடியில் ஒரு குழந்தை கிடந்தது, நசுங்கி இறந்துவிட்டது. பிக்கு நடுங்கிப்போனார். சங்கத்தை விட்டு விலக்கும் பாராஜிகக் குற்றம் இதுவா என்னும் கேள்வி பகவன்முன் வந்தது. எண்ணமில்லாமையால் பாராஜிகம் இல்லை என்றார். ஆயின் அடுத்த மொழியிலேயே, ஆராய்ந்து பாராமல் இருக்கையில் அமரலாகாது, அமர்பவருக்குக் குற்றம் உண்டு என்று புதிய விதி ஒன்றை வகுத்தார். கொன்றதற்குத் தண்டனை இல்லை. பாராமல் அமர்வதற்குக் குற்றம். அடியில் குழந்தை இல்லாவிடினும் குற்றம் குற்றமே. இவ்வழக்கை நாம் மும்முறை படித்தோம். ஏனெனில் அந்தத் தாயின் கேள்விக்குரிய விடை இதற்குள் இருக்கிறது.

நூறு முறை குடித்துவிட்டு ஓட்டி, நூறு முறையும் ஒருவரும் சாகாமல் வீடு சேர்ந்தவன் தன்னைக் குற்றமற்றவன் என்று எண்ணுகிறான். நூற்றோராவது முறை ஒருவன் செத்தால் அவனைக் கொலைகாரன் என்று நாம் ஏசுகிறோம். இரண்டும் பிழை. நூற்றொரு முறையும் அவன் செய்த குற்றம் ஒன்றே. அந்தக் குற்றத்தில் சேதனை இருக்கிறது. வேகமானியின் முள் எண்பதைத் தாண்டுவதை அவன் கண்ணால் காண்கிறான். காலை எடுக்காதது அவன் எண்ணம். கைப்பேசி ஒலிக்கிறது, எடுத்துப் பேசுவது அவன் எண்ணம். சாவு மட்டுமே எண்ணாமல் நேர்கிறது. சாவுக்கு இட்டுச் செல்பவை அனைத்தும் எண்ணியே செய்யப்படுகின்றன. 2022-இல் மாண்டவருள் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோர் மிகை வேகத்தால் மாண்டனர் என்று மேற்சொன்ன அறிக்கை வகைப்படுத்துகிறது. வேகம் இரு மடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும். பிரேக்கை மிதித்தபின் வண்டி ஓடி நிற்கும் தூரமும் அவ்வாறே. நாற்பதில் சென்றால் கால் முறியும் இடத்தில், எண்பதில் சென்றால் உயிரே போகும்.

இந்தச் சோர்வுக்குப் பாலியில் பமாதம் என்று பெயர், சோராமை அப்பமாதம். தம்மபதத்தின் இரண்டாம் அதிகாரம் அதற்கென்றே அமைந்தது. பகவன் இறுதியாக விடைபெறும்போது பிக்குகளுக்குச் சொன்னதும் அப்பமாதத்தைத்தான். பண்டித அயோத்திதாசர் திரிக்குறள் என்று கொண்டாடிய நம் குறளில் அஃது பொச்சாவாமை என்னும் அதிகாரமாக நிற்கிறது. ஐந்தாம் சீலம் கள்ளுண்ணாமை என்று நாம் சுருக்கிச் சொல்கிறோம். அதன் பாலி வாசகத்தைக் கூர்ந்து நோக்கினால், பமாதத்திற்கு இடமாகும் மதுவை விலக்குவதாகவே உறுதி எடுக்கிறோம். குடித்தவன் தன் குடலைக் கெடுத்துக்கொள்வதோடு நின்றால் அது முதற்சீலத்தோடு வந்து முட்டாது. வண்டியில் ஏறிய கணமே முட்டுகிறது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கொன்றில், 2016 டிசம்பர் 15-ஆம் நாள் உச்சநீதிமன்றம், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று ஆணையிட்டது. பின்னர் நடந்தது யாது? சில மாநிலங்கள், நகரங்களுக்குள் செல்லும் நெடுஞ்சாலைகளின் பெயரையே மாற்றி உள்ளூர்ச் சாலைகள் ஆக்கின. 2017-இல் நகராட்சி எல்லைகளுக்கு அந்தத் தடை பொருந்தாது என்ற விளக்கமும் வந்தது. சாலை அங்கேயே கிடந்தது. பெயர்ப்பலகையை மட்டும் மாற்றினார்கள். குடிகாரனுக்குக்கூட இத்தனைத் தந்திரம் வாராது.

இதுவரை ஓட்டுபவரைப் பற்றியே பேசினோம். இத்துடன் நின்றால் பாதி உண்மையே பேசியதாகும். மறுபாதியை நமக்குப் புகட்டியது நூலன்று, பஞ்சாலை.

நாம் பஞ்சாலையில் சேர்ந்த காலத்தில் ரிங் பிரேம் எந்திரங்கள் சிலவற்றில் தலைப்பக்கத்துப் பல்சக்கரங்களுக்கு மூடி இல்லை. இருந்த மூடிகளும் கழற்றி மூலையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. பஞ்சுத் தூசி அச்சக்கரங்களில் அடையும். எந்திரத்தை நிறுத்தித் துடைக்க வேண்டுமென்பது விதி. நிறுத்தினால் உற்பத்தி குறையும். குறைந்தால் மேஸ்திரியின் வசவு விழும். ஆகவே ஓடும்போதே துடைப்போம். எமக்குப் பக்கத்துப் பிரேமில் நின்றவருக்கு ஒரு நாள் இரு விரல்கள் போயின. பதிவேட்டில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதினார்கள். நாமும் அவ்வாறே நம்பினோம். அவரும் அவ்வாறே நம்பினார். மருத்துவமனைக் கட்டிலில் கிடந்துகொண்டு, "நம்ம தப்புதானே" என்று நம்மிடம் சொன்னார். அடுத்த ஆண்டில் வேறொருவருக்கு விரல் போயிற்று. அதே எழுத்து, அதே மை. பின்பு தொழிற்சாலை ஆய்வாளர் ஒருவர் வந்து, மூடி இல்லாத பிரேமை ஓட்டக்கூடாது என்று உறுதியாக நின்றார். எந்திரங்களுக்கு வேலியிட வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இருக்கிறது என்பது அன்றுதான் நமக்குத் தெரிந்தது. மூடி போட்டார்கள். மூடியைத் திறந்தால் எந்திரம் தானே நின்றுவிடும் ஏற்பாடும் செய்தார்கள். அதன்பின் நாம் ஆலையில் இருந்தவரை அந்தப் பகுதியில் ஒரு விரலும் போகவில்லை. வேலை செய்தவர்கள் அதே ஆட்கள். அதே தூக்கம், அதே கவனக்குறைவு, அதே மேஸ்திரி.

சாலைக்கும் இதுவே என்பது நம் துணிபு. அந்த லாரிக்காரர் ஏன் உறங்கவில்லை? 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேரத்திற்கும் வாரத்திற்கு நாற்பத்தெட்டு மணி நேரத்திற்கும் மேல் வேலை வாங்கலாகாது என்றது. ஐந்து மணி நேர வேலைக்கு ஒருமுறை அரை மணி நேரமாவது ஓய்வு வேண்டுமென்றது. நெடுஞ்சாலையோர உணவகத்தில் அமர்ந்து எந்த லாரிக்காரரை வேண்டுமாயினும் கேட்டுப் பாருங்கள். சிரிப்பார். சரக்கு இன்ன நேரத்தில் இறங்கவேண்டும், தாமதமானால் கூலியில் பிடித்தம் என்று நாள் குறித்து அனுப்பியவர் வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தார். நடுத்திட்டில் திறப்பை விட்டவரும், விளக்கு எரிகிறதா என்று பாராதவரும் உறங்கிக்கொண்டிருந்தனர். விழித்திருந்தவர் ஓட்டுநர் ஒருவரே. அவர்தான் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார். பாராமல் அமர்ந்த குற்றம் பீடத்தில் அமர்ந்தவர் ஒருவருக்கு மட்டுந்தானா? குழந்தையின்மேல் துணியை மூடி வைத்தவர் யார்?

சக்குபால தேரருக்குக் குற்றமில்லை என்ற பகவன், பிக்குகள் மழைக்காலத்தில் சாலையில் நடப்பதைப் பற்றி வேறொன்றும் செய்தார். இராசகிருகத்தில் அவர் தங்கியிருந்தபோது, பிக்குகள் எல்லாப் பருவங்களிலும் நடந்து திரிந்து பசும்புல்லை மிதிக்கின்றனர், மழையில் வெளிவரும் சிற்றுயிர்களை நசுக்குகின்றனர், பறவைகள்கூட மழைக்குக் கூடு கட்டி ஒடுங்குகின்றனவே என்று ஊரார் பழித்தனர். "அவர்களுக்குக் கொல்லும் எண்ணமில்லை" என்று பகவன் விடை பகரவில்லை. சங்கம் முழுவதும் மழைக்காலம் மூன்று மாதம் ஓரிடத்தில் தங்க வேண்டும் என்று வசாவாச விதியை வகுத்தார். ஒவ்வொரு பிக்குவும் காலடியைப் பார்த்து நடக்கட்டும் என்று அறிவுரை கூறி நிறுத்தாமல், நடக்கும் காலத்தையே மாற்றினார். இதனை நாம் ஆண்டுதோறும் விழாவாகக் கொண்டாடுகிறோம். இது சிற்றுயிர்களுக்காக வகுத்த சாலை விதி என்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்த்தோம்?

சுவீடன் நாட்டுப் பாராளுமன்றம் 1997-இல் ஒரு கொள்கையை ஏற்றது. மனிதன் பிழை செய்வான். அப்பிழைக்கு உயிர் விலையாகாதபடி சாலையையும் வண்டியையும் வேகத்தையும் அமைப்பது, அமைப்பவர் கடமை என்பது அதன் சாரம். அந்நாட்டுப் பொறியாளர் நீல்ஸ் போலின் 1959-இல் வால்வோ நிறுவனத்தில் மூன்று முனை இருக்கைப் பட்டையை உருவாக்கினார். அந்நிறுவனம் அதன் உரிமையைத் தனக்கென்று பூட்டி வைக்காமல், எல்லா நிறுவனங்களும் பயன்படுத்த விட்டுவிட்டது. இதைவிடப் பெரிய தானம் ஒன்றை இக்காலத்தில் நாம் கேள்விப்பட்டதில்லை. செல்வ நாடு, குளிர் நாடு, நமக்கு ஒத்துவாராது என்பர் சிலர். உலகச் சாலைச் சாவுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு, வருவாய் குறைந்த, நடுத்தர வருவாயுள்ள நாடுகளில்தான் நேர்கின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் கூறியது. ஆகவே மருந்து நமக்குத்தான் அதிகம் வேண்டும். ஒத்துவருமா என்பதற்கு நம் வாசலிலேயே சான்று உண்டு. 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட பெங்களூர்–மைசூர் விரைவுச்சாலையில் முதல் மாதங்களில் பிணம் விழாத வாரம் அரிது. அவ்வாண்டு ஆகஸ்டு 1 முதல் இருசக்கர வண்டிகளையும் ஆட்டோக்களையும் டிராக்டர்களையும் முதன்மைப் பாதையிலிருந்து விலக்கினர். 100 கிலோமீட்டர் வேக எல்லையைக் கருவி வைத்துக் கண்காணித்தனர். அடுத்த ஆண்டில் சாவுகள் வெகுவாகக் குறைந்தன. அந்த ஓராண்டிற்குள் நம் மக்கள் எல்லாரும் அர்ஹத்துகள் ஆகிவிடவில்லை. விலக்கப்பட்ட ஏழைகளின் ஸ்கூட்டர்களுக்கு ஓரச்சாலை ஒழுங்காக இருக்கிறதா என்பது வேறு கேள்வி. அதையும் கேட்கவே வேண்டும்.

"எல்லாரும் குற்றவாளி என்றால் ஒருவரும் குற்றவாளி இல்லை என்றாகும்" என்று நம் சங்கத்து முதியவர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், மறுத்தார். அவர் மறுப்பை இலேசாகத் தள்ளவியலாது. பொறுப்பைப் பங்கிட்டால் ஒவ்வொருவரும் தன் பங்கைப் பிறர் இலையில் தள்ளிவிடுவர் என்பது உலக அனுபவம். அதற்கு நம் விடை, பங்கிடுவது வேறு, கரைப்பது வேறு என்பதே. விரல் போன அந்தத் தொழிலாளிக்கும் பங்குண்டு, மேஸ்திரிக்கும் உண்டு, மூடியைக் கழற்றியவருக்கும் உண்டு. எவருக்கு எது செய்யக் கைவசம் இருந்ததோ அது அவர் பங்கு. ஓட்டுநரால் விளக்கு நாட்ட முடியாது. பொறியாளரால் இன்னொருவரின் காலை வேகமிதியிலிருந்து எடுக்க முடியாது.

தமிழருக்குச் சாலை விபத்து என்றதும் நினைவுக்கு வருவது மனுநீதிச் சோழன் கதை. கன்று தேர்க்காலில் மாண்டது. ஆராய்ச்சி மணியைப் பசு அடித்தது. மன்னன் மகனைத் தேர்க்காலில் இட்டான். இந்தக் கதையைக் கேட்டுப் பெருமிதம் கொள்ளாத தமிழர் இல்லை. இதையொத்த கதையை இலங்கையின் மகாவம்சம் எல்லாளனைப் பற்றியும் சொல்கிறது. ஆனால் அதே நூல் எல்லாளனைப் பற்றி இன்னொன்றையும் சொல்கிறது. அது நம்மவர் பலருக்குத் தெரியாது. பிக்குகளை அழைக்கச் சேதிய மலைக்குச் சென்று திரும்புகையில், மன்னன் தேரின் நுகமுனை தட்டி ஒரு தூபம் சிதைந்தது. எண்ணாமல் நேர்ந்ததுதான். மன்னன் தேரினின்று குதித்து, தேர்க்காலால் தன் தலையையும் துண்டிக்குமாறு சாலையில் வீழ்ந்தான். அமைச்சர்கள் தடுத்தனர். பிறருக்கு ஊறு செய்வதை எங்கள் ஆசான் ஏற்பதில்லை, தூபத்தைச் செப்பம் செய்து அமைதி பெறுக என்றனர். பெயர்ந்த கற்கள் பதினைந்து. அவற்றைத் திரும்பப் பதிக்க மன்னன் பதினையாயிரம் கஹாபணம் செலவிட்டான். எல்லாளன் பௌத்தன் அல்லன். அவனை வென்ற துட்டகைமுனுவையே தலைவனாகக் கொண்ட நூல் அது. அப்படியிருந்தும் இதனை அது மறைக்கவில்லை.

மகனைத் தேர்க்காலில் இட்டபின், திருவாரூர் வீதியில் தேர் செல்லும் முறை மாறிற்றா என்று கதை சொல்லவில்லை. எல்லாளன் கதையில் கற்கள் பதினைந்தும் இடத்திற்குத் திரும்பின. நம் மக்கள் மனம் இன்றும் முதற்கதையிலேயே நிற்கிறது. விபத்து நடந்தவுடன் கூட்டம் கூடி ஓட்டுநரை அடிக்கிறது, வண்டியைக் கொளுத்துகிறது. அடிக்குப் பயந்து ஓட்டுநர் ஓடுகிறார். அடிபட்டவர் கேட்பாரின்றிக் கிடக்கிறார். முறையிடாமல் ஓடுபவர்க்குப் பத்தாண்டு வரை சிறை என்று புதிய நியாய சம்ஹிதையில் ஒரு பிரிவு வந்தபோது, 2024 சனவரியில் லாரிக்காரர்கள் நாடெங்கும் வண்டிகளை நிறுத்தினர். நின்றால் கூட்டம் கொல்லும், ஓடினால் சட்டம் பிடிக்கும் என்பது அவர்கள் முறையீடு. 2024 சூலை 1-இல் மற்றப் பிரிவுகள் நடைமுறைக்கு வந்தபோது அப்பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது. தரமின்றிச் சாலை அமைத்து அதனால் உயிர் போனால் அமைத்தவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டம் என்று 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் சொல்கிறது. அத்தண்டம் கட்டிய ஒருவரையும் நாம் நேரில் கண்டதில்லை.

கூட்டத்தில் அடிப்பவரைவிட ஒதுங்கிப் போகிறவரே அதிகம். நோயுற்றுத் தன் மலத்திலேயே கிடந்த பிக்குவைப் பகவன் ஆனந்தருடன் சேர்ந்து தம் கையால் கழுவிக் கட்டிலில் கிடத்தினார் என்று விநயம் சொல்லும். சாலையில் கிடப்பவரைத் தொட்டால் காவல் நிலையமும் நீதிமன்றமும் அலைய வேண்டும் என்று முன்பு அஞ்சினோம். அச்சத்திற்குக் காரணமும் இருந்தது. இன்று அந்தச் சாக்கு இல்லை. உதவுபவரைத் தொல்லை செய்யலாகாது என்னும் நெறிமுறைகளுக்கு 2016 மார்ச் 30-இல் உச்சநீதிமன்றம் ஆணையின் வலிமை தந்தது. 2019-ஆம் ஆண்டுச் சட்டம் அதனைப் பிரிவாகவே சேர்த்தது. பெயர் சொல்லவும் கட்டாயமில்லை. அடிபட்டவருக்கு முதல் ஏழு நாளில் ஒன்றரை லட்சம் ரூபாய் வரை பணம் கேளாமல் சிகிச்சை அளிக்கும் திட்டமும் 2025-இல் வந்தது. இவற்றை நம் உபாசகர்களுள் எத்தனை பேர் அறிவர் என்று சென்ற மாதக் கூட்டத்தில் கேட்டோம். மூன்று கைகள் எழுந்தன.

தில்லியில் இன்று நிற்கும் தோப்ராத் தூணில் அசோக மன்னர், சாலைகளில் ஆலமரம் நட்டதையும், கிணறு தோண்டியதையும், தங்குமிடம் அமைத்ததையும் பொறித்து வைத்தார். வழிப்போக்கருக்கு நிழலும் நீரும் தருவது தம்மம் என்றால், நெடுஞ்சாலையில் விளக்கும், நடந்து கடக்க வழியும், லாரிக்காரர் படுத்துறங்க இடமும் தம்மமே.

ஐந்து மாதம் கழித்து அந்த உபாசிகையின் வீட்டிற்குச் சென்றோம். அன்று சொன்னது தவறு என்று ஒப்புக்கொண்டோம். பீடத்தின் மேல் அமர்ந்த பிக்குவின் வழக்கை விரித்துச் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "அந்த லாரிக்காரருக்கும் பெண்பிள்ளைகள் இரண்டு இருக்காம், ஐயா" என்றார். பிறகு நடுத்திட்டுத் திறப்பைப் பற்றிக் கேட்டார். அது இன்னும் அடைபடவில்லை என்றோம். வண்டிகள் அதன் வழியே திரும்பிக்கொண்டுதான் இருக்கின்றன என்றோம்.

அச்சாலையைப் பேணும் அலுவலகத்திற்கு ஒரு விண்ணப்பம் எழுதினோம். திறப்பை அடைக்கவோ, அடைக்க முடியாதெனில் விளக்கும் வேகத்தடையும் அமைக்கவோ வேண்டும். அருகே ஊரார் சுற்றாமல் கடக்க ஒரு கீழ்வழியும் வேண்டும் என்று கேட்டோம். முதற் கையெழுத்து அந்தத் தாயுடையது. இதுவரை இருநூற்றுப் பதினொரு பேர் ஒப்பமிட்டுள்ளனர். விண்ணப்பப் படி சங்கத்தின் நூலகத்தில், புத்தர் படத்திற்கு இடப்புறமுள்ள மேசையில் வைக்கப்பட்டிருக்கிறது. வரும் பௌர்ணமிக்குள் ஒப்பமிடாதவர் ஒப்பமிடலாம். பௌர்ணமிக்கு மறுநாள் காலை பத்து மணிக்கு நேரில் கொண்டு செல்கிறோம். வர விரும்புவோர் பேருந்தில் வருக. இருசக்கர வண்டியில் வருவோர் இருவருக்கும் தலைக்கவசம் கொண்டு வருக.